கட்டிய கையே கழற்றிய கடிகாரம்

தம்பி,

நான் சௌக்கியமாக இருக்கிறேன் என்று தொடங்கினால் அது பொய்யாகிவிடும். துபாயிலிருந்து உன் கடிதம் வந்த நாள் முதல் எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. உன் அக்கா மகள் மலருடைய சடங்குக்கு லீவு போட்டு வருகிறாய் என்று படித்ததும், குழாயடியில் குடத்தோடு நின்றவர்களிடமெல்லாம் போய்ச் சொன்னேன், என் மகன் வருகிறான், என் பேத்திக்குத் தாய்மாமன் சீர் செய்ய வருகிறான் என்று. அப்புறம்தான் உள்ளே வந்து மிச்சத்தைப் படித்தேன். அங்கே பெரிய கடை ஒன்றில், ரசீதோடு, அதே கம்பெனி வாட்ச் வாங்கி வைத்திருக்கிறாயாம். சடங்கு வீட்டில் சபை கூடியிருக்கும்போது அதை உன் மச்சான் கையில் கட்டிவிட்டு, அவருடைய அப்பாவைப் பார்த்து, எந்த ரிப்பேர்க்காரனை வேண்டுமானாலும் கூப்பிட்டுக் காட்டுங்கள் என்று சொல்லப் போகிறாயாம். அப்பா பட்ட அவமானம் அன்றைக்குத்தான் தீரும் என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கடிகாரத்தைக் கொண்டு வராதே என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரை படித்தவள். யாரையாவது வைத்து எழுதச் சொல்லியிருக்கலாம். ஆனால் இது இன்னொருவர் கையால் எழுதுகிற சங்கதி இல்லை. எனக்கு மெதுவாகத்தான் எழுத வரும். நீயும் மெதுவாகப் படி.

உனக்கு இப்போது அப்பா என்றால் மேலூரில் தலை குனிந்து நின்ற அந்த மனிதர் மட்டும்தான் ஞாபகத்துக்கு வருகிறார் போலிருக்கிறது. அதற்கு முந்தைய மனிதரை நான் உனக்குச் சொல்ல வேண்டும். கப்பலூரில் வாரம் முழுக்க லேத் ஓட்டிவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் சைக்கிளை நேராக டவுன்ஹால் ரோட்டுக்கு விடுவார். நடைபாதையில் துணி விரித்து டூப்ளிகேட் வாட்ச் விற்பார்களே, அங்கே போய்க் குந்திக்கொள்வார். அவ்வளவும் போலி என்று அவருக்கும் தெரியும், விற்கிறவனுக்கும் தெரியும். அந்தப் பேச்சைக் கேட்கவே எனக்குப் பிடிக்கும். புது மண்டபத்துக்கு வளையல் வாங்கப் போகிற சாக்கில் நானும் கூடப் போவேன்.

"சுவிட்சர்லாந்து சரக்குண்ணே. நேத்துத்தான் கப்பல்ல எறங்குச்சு."

"எந்தச் சுவிட்சர்லாந்து? செல்லூருக்கு அங்கிட்டு இருக்கே, அதா?"

"கிண்டல் பண்ணாதீக. பதினேழு கல்லு வச்சது. பாருங்க, எழுதியே இருக்கு."

"எழுதுனதுக்கு மையி செலவு. கல்லுக்கு யாருய்யா செலவழிச்சா? தெறந்து காட்டு."

"தெறந்து காட்டுனா நான் எப்படிண்ணே விக்கிறது?"

இப்படியே கொஞ்ச நேரம் இழுத்து, கடைசியில் இருவரும் சிரித்துவிட்டு, அப்பா ஒன்றை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். ஏமாந்து வாங்கியது ஒன்றுகூடக் கிடையாது. தெரிந்தே வாங்கினார். ஒரு போலியை எவ்வளவு தூரத்துக்கு நல்லதாக ஆக்க முடியும் என்று பார்ப்பதில் அவருக்கு ஒரு வெறி. சீட்டாடாத, குடிக்காத மனுஷனுக்கு இதாவது இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சோதனை தொடங்கும். ரேடியோவில் காலைச் செய்திக்கு முன்னால் வருகிற பீப் சத்தத்துக்கு முள்ளைத் திருப்பி வைப்பார். மறுநாள் அதே சத்தத்துக்கு எவ்வளவு முந்தியிருக்கிறது, எவ்வளவு பிந்தியிருக்கிறது என்று பார்ப்பார். ஒரு நாள் மல்லாக்கப் போட்டு வைப்பார், ஒரு நாள் குப்புற, ஒரு நாள் ஆணியில் தொங்கவிட்டு. நல்ல கடிகாரம் எப்படிக் கிடந்தாலும் ஒரே நடை நடக்கும் என்பார். முள்ளில் ரேடியம் இருக்கிறதா என்று பார்க்கப் பட்டப்பகலில் கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே கிடப்பார். உன் அக்கா செல்வி, அப்பாவுக்குக் குளிர்காய்ச்சல் என்று பயந்து அழுததுகூட உண்டு. பின்மூடியைத் திறக்க லேத்திலேயே ஒரு சாமான் கடைந்து வைத்திருந்தார். திறந்தால், சக்கரங்களின் முனை தேயாமல் சுழலச் சிவப்புக் கல் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் சிவப்புப் பெயிண்ட் பொட்டு. "இங்க பாருடி, கல்லு வைக்கச் சொன்னா குங்குமம் வச்சு விட்டிருக்கான்" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரிப்பார்.

லேத் சத்தத்தில் அவருக்குக் காது மந்தம். அதனால் கேட்கிற வேலை என்னுடையது. எவர்சில்வர் டம்ளருக்குள் வாட்சை வைத்து டம்ளர் வாயில் காதை வைத்தால் உள்ளே நடப்பதெல்லாம் கேட்கும். மட்டமான சாமான் அம்மியில் மிளகு உடைக்கிற மாதிரி ஓடும். கொஞ்சம் நல்லது, முறத்தில் நொய்யைப் புடைக்கிற மாதிரி. நான் கேட்டுச் சொன்னது தவறியதில்லை. இதைப் பெருமைக்குத்தான் எழுதுகிறேன். நம் தெருவில் படித்தவர்கள் வீட்டிலிருந்துகூட, புது வாட்ச் வாங்கினால் என் காதுக்கு வந்துவிட்டுத்தான் கைக்குப் போகும்.

பிறகுதான் அவருக்குப் பிடித்த வேலை. முள்ளுக்குக் கீழே எண் போட்டிருக்கிற தட்டைக் கழற்றி, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் அந்த வெளிநாட்டுப் பெயரைத் துடைத்து எடுப்பார். கண்ணாடியில் கீறல் இருந்தால் பல்பொடி போட்டுத் தேய்த்தே போக்கிவிடுவார். போர்டு எழுதுகிறவரிடம் வாங்கிய முடி போன்ற பிரஷ்ஷால் தமிழ் எண் எழுதுவார், நடுவில் பெயர் எழுதுவார். உனக்கு ஒன்று எழுதினார். செல்விக்குச் சின்னதாக ஒன்று, அதைக் கட்டிக்கொண்டுதான் அவள் பள்ளிக்கூடம் போனாள். "பொய்ப் பேரை அழிச்சாச்சு. இனி இது டூப்ளிகேட் இல்ல. நம்ம வாட்சு" என்பார். யாராவது ஒரிஜினலா என்று கேட்டால், "அசல் டூப்ளிகேட்டு" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். ஒருவரையும் ஏமாற்றியதில்லை, தம்பி. அந்த மனிதரைத்தான் ஏமாற்றுக்காரர் என்றார்கள்.

செல்விக்கு மேலூர் உரக்கடை வீட்டுச் சம்பந்தம் அமைந்தபோது, மாப்பிள்ளைக்கு வெளிநாட்டு வாட்ச் வேண்டும் என்று சம்பந்தி வாய்விட்டே கேட்டார். நம் பக்கத்தில் பெண்ணுடைய கூடப்பிறந்தவன் அதை மாப்பிள்ளை கையில் கட்டுவான் என்பதால் நீதான் கட்ட வேண்டியிருந்தது. இதில் போலிக்கு இடமில்லை என்று அப்பாவே சொல்லிவிட்டார். கப்பலில் வேலை பார்த்த ஒருவர் மூலம், பெட்டியோடும் கம்பெனிச் சீட்டோடும் உண்மையான வாட்சையே வரவழைத்தார். டம்ளரில் வைத்துக் கேட்டேன். எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு சத்தம். அப்படி ஒன்றை அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்டதில்லை. அப்பா சில நாள் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து திறந்துவிட்டார்.

"என்னங்க பண்றீக? அதுதான் நல்லா இருக்கே" என்றேன்.

"டவுன்ஹால் ரோட்டுல கெடக்கிற அம்புட்டுலயும் இந்தப் பேருதான்டி இருக்கு. நம்ம வீட்டு மாப்பிள்ளைக்கும் அதையே குடுக்குறதா? கட்டுறவர் பேரு இருக்க வேணாமா?"

கம்பெனித் தட்டைக் கழற்றிப் பஞ்சில் சுற்றித் தீப்பெட்டிக்குள் பத்திரப்படுத்தினார். தானே எழுதிய தட்டைப் பொருத்தினார். வெள்ளையில் கறுப்பாக, மாப்பிள்ளை பெயர், ராசேந்திரன் என்று. எழுத்து முத்து முத்தாக இருந்தது. மரியாதை என்றால் அவருக்குத் தெரிந்த பெரிய மரியாதை அது. தன் கையால் ஒருவர் பெயரை எழுதுவது. மற்றவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்று அவர் யோசிக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த நானும் யோசிக்கவில்லை.

கல்யாணத்தன்று நடந்ததில் உனக்குப் பாதிதான் தெரியும். நீ கட்டிவிட்டுப் பந்திக்கு இலை போடப் போய்விட்டாய். மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் கையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்கள்.

"ஏப்பா, சீமை வாட்சுன்னாக. ராசேந்திரன்னுல்ல போட்டிருக்கு?"

"ராசேந்திரன் கம்பெனி எப்பப்பா ஆரம்பிச்சாக? மேலூர்லயா?"

"யூரியா மூடையிலயும் இனிமே இதே பேருதான் மாப்ள!"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். சிரித்ததோடு நிறுத்தியிருக்கலாம். தட்டை நான்தான் மாத்தினேன் என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். அவரோடு கப்பலூரில் வேலை பார்க்கிற ஒருவர் கேலிக்கு, "அண்ணே வீட்டுல ஓடுற வாட்சு பூராவும் டூப்புத்தானே" என்றார். சம்பந்தி சிரிக்கவில்லை. "அப்ப எங்களுக்கும் டூப்புத்தானா?" என்றார். பெட்டியையும் சீட்டையும் அப்பா எடுத்து நீட்டினார். "பொட்டியும் சீட்டும் டூப்ளிகேட்டாக் கெடைக்காதாக்கும்?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

மறுவீட்டுக்கு நாம் மேலூர் போனபோது கூடத்தில் ஒரு வாட்ச் ரிப்பேர்க்காரரை உட்கார வைத்திருந்தார்கள். அது உனக்கு நன்றாக நினைவிருக்கும். அவர் திறந்து, கண்ணில் லென்ஸ் வைத்து நெடுநேரம் பார்த்தார். "மிசினு நல்லாத்தான் இருக்கு. ஆனா இது கை வச்ச வாட்சு. தெறந்து மாத்துனதுக்கெல்லாம் நான் சாட்சி சொல்ல மாட்டேங்க" என்று எழுந்துவிட்டார். அப்பா தீப்பெட்டியைத் திறந்தார். எல்லோர் முன்னாலும் தன் தட்டைக் கழற்றி, கம்பெனித் தட்டைப் பொருத்தி, முள்ளை மாட்டி, மூடியை மூடிக் கொடுத்தார். அவர் வாழ்க்கையில் அத்தனை சுத்தமாகச் செய்த வேலை வேறொன்று இருக்காது. அதுதான் வினையாகிவிட்டது.

"இம்புட்டு லேசா மேல இருக்கிறதை மாத்துற மனுஷன், உள்ள இருக்கிறதை மாத்தியிருக்க மாட்டாருன்னு என்னய்யா நிச்சயம்?" என்றார் சம்பந்தி.

அப்பா தலை குனிந்து நின்றார். பதிலுக்கு நீதான் எழுந்தாய். "வேணாம்னா குடுத்துருங்க" என்று கத்தி, மச்சான் கையைப் பிடித்து, நீ கட்டிய வாட்சை நீயே கழற்றினாய். செல்வி காப்பித் தட்டோடு அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உன் வயதுக்கு அந்தக் கோபம் நியாயம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வாட்ச் நல்லதா போலியா என்பது அவர்களுக்கு அப்புறம் மறந்தே போய்விட்டது, தம்பி. பெண்ணுக்குக் கூடப்பிறந்தவன் மாப்பிள்ளை கையிலிருந்து சீரைக் கழற்றிக்கொண்டு போனான் என்பதுதான் நின்றது. நீ வாசல்படி இறங்கினாய். நாங்கள் பின்னால் இறங்கினோம். அவள் அந்த வீட்டுக்குள் இருந்தாள்.

இத்தனை வருஷமும் அங்கேதான் இருக்கிறாள். குழம்பில் உப்புக் குறைந்தாலும், நெல் அவியாமல் போனாலும், "டூப்பு வீட்டுப் பொண்ணுதானே" என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். நம் வீட்டுக்கு வந்தால் ஒரு நாளைக்குமேல் தங்கமாட்டாள். மேலூர் சந்தையில் அவளைப் பார்த்து நான் அழுதபோது, "என்னத்துக்கும்மா அழுகுற? அடிக்கிறாகளா, ஒதைக்கிறாகளா? வாய்தானே" என்று சொல்லிவிட்டு வெங்காயம் பொறுக்க உட்கார்ந்துவிட்டாள். இப்போது அந்தப் பேச்சு குறைந்துவிட்டது. சம்பந்திக்குக் கண் மங்கிவிட்டது. மருமகள் கையைப் பிடித்துத்தான் கொல்லைப்புறம் போகிறார். மலர் பிறந்து, வளர்ந்து, அந்த வீட்டில் சத்தமாகச் சிரிக்கிற ஒரே ஆளாக இருக்கிறாள். அவள் தாத்தாவையே அதட்டுகிறாள். அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மேலூர் பஸ் ஸ்டாண்டில் நான் நடந்தால், யார் பேத்தி என்று கேட்க மாட்டார்களா என்று எதிரே வருகிறவர்கள் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டே போவேன்.

அப்பாவைப் பற்றி நீ அறியாததைச் சொல்கிறேன். மேலூரிலிருந்து வந்த பிறகு சனிக்கிழமைகளில் நேராக வீட்டுக்கு வந்துவிடுவார். பெட்டியில் இருந்த வாட்சுகளுக்குச் சாவி கொடுப்பதை நிறுத்திவிட்டார். ஒவ்வொன்றாக அவை நின்றன. காது மந்தமான அவருக்கு அது கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. எப்போதும் ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருக்கிற வீடு, இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. கப்பலூர்ப் பையன் ஒருவன், பெயர் எழுதித் தரச் சொல்லி ஒரு வாட்சைக் கொண்டுவந்தான். "நான் கை வச்சா நல்லதும் கெட்டுப்போகும்ப்பா" என்று திருப்பி அனுப்பினார். நீ துபாய்க்குப் போனாய். அவருக்கு நெஞ்சுவலி வந்தது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். உனக்கு லீவு கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பாடையின் முன்பக்கத்தைத் தோளில் வாங்கியது உன் மச்சான். இதை உனக்கு அப்போதே எழுதினேன், நீ பதில் எழுதவில்லை.

எழுதாத ஒன்று இருக்கிறது. காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு மாப்பிள்ளை மட்டும் அடுப்படி வாசலில் வந்து நின்றார். "அத்தை, அது நல்ல வாட்சுதான்னு எனக்கு அப்பவே தெரியும். அந்த ரிப்பேர்க்காரர் மறுநாள் கடைக்கு வந்து சொல்லிட்டாரு. எங்கப்பா முன்னாடி சொல்ல எனக்கு வாய் வரல" என்றார். எனக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது. மாமனார் உயிரோடு இருந்தபோது இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால், அந்த மனுஷன் இன்னும் கொஞ்ச நாள் சனிக்கிழமைகளை வாழ்ந்திருப்பார். நான் உள்ளே போய், அப்பாவின் பெட்டியிலிருந்து அந்த வாட்சையும், ராசேந்திரன் என்று எழுதிய தட்டையும் எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன். உனக்குச் சொல்லவில்லை. நீ அதையும் கழற்ற வருவாய் என்று பயம்.

செல்விதான் மிச்சத்தைச் சொன்னாள். உன் மச்சான், அப்பாவின் தட்டையே திரும்பவும் மாட்டச் செய்து, உரக்கடைக் கல்லாவுக்குள் வைத்திருக்கிறாராம். சம்பந்தி கடைக்கு வராத நாளில் மட்டும் எடுத்துக் கட்டிக்கொள்வாராம். அவர் வந்துவிட்டால் கழற்றி உள்ளே போட்டுவிடுவாராம். தலை நரைத்த மனிதர், சொந்தக் கடையில், சொந்தப் பெயர் எழுதிய வாட்சைத் திருடன் மாதிரி கட்டிக்கொள்கிறார். அவர் மேல் எனக்குள்ள கோபம் ஆறவில்லை, அதற்காக அவரைச் சபையில் நிறுத்தவும் மனசு வரவில்லை. நீ புது வாட்சைக் கட்டி அவர் அப்பாவிடம் சவால் விட்டால், இவர் ஏதாவது ஒரு பக்கம் நின்றாக வேண்டும். அன்றைக்கு நிற்காதவர் இன்றைக்கு நிற்பார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. நின்றாலும், கண் தெரியாத கிழவரைப் பேத்தி சடங்கில் வைத்து மடக்கினான் தாய்மாமன் என்றுதான் ஊர் பேசும். உனக்கு லீவு முடிந்துவிடும். விமானம் ஏறிவிடுவாய். மறுநாள் காலையில் அந்த வீட்டு வாசலைத் தெளிக்கப் போகிறவள் உன் அக்கா.

அப்பாவுக்காகச் செய்கிறேன் என்கிறாய். அவர் பக்கத்தில் இருந்தவள் சொல்கிறேன், ஜெயிக்க வேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை. நம்ப வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டார். அது இனி யார் வந்தும் அவருக்குக் கிடைக்காது. அதை நான் ஏற்றுக்கொண்டு இத்தனை நாள் இருக்கிறேன். நீயும் ஏற்றுக்கொள்ள வேண்டும். துபாயில் வாங்கியதை நீயே கட்டிக்கொள், இல்லை அங்கேயே விற்றுவிடு. மலருக்குப் பட்டுப் பாவாடை தாவணி, வெள்ளிக் கொலுசு, பழத்தட்டு, மாலை, இவ்வளவு போதும். மச்சானுக்கு ஒரு வேட்டி சட்டை. சம்பந்தி காலைத் தொட வேண்டும் என்றுகூட நான் சொல்லவில்லை. எதிரே வந்தால் "நல்லா இருக்கீகளா" என்று ஒரு வார்த்தை கேள். செல்வியிடம் தனியாக உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசு. அவள் உன்னிடம் எதுவும் கேட்கமாட்டாள். நீயாகப் பேசு. "மாமா நெசமாவே வாராகளா அம்மாச்சி, இல்ல போன பொங்கல் மாதிரியா?" என்று மலர் போன வாரம்கூடக் கேட்டாள். வருவார்கள் என்று நான் சொல்லவில்லை, வராமல் இருப்பார்களா என்று திருப்பிக் கேட்டுவிட்டு வந்தேன்.

கை வலிக்கிறது, முடிக்கிறேன். ஒன்று மட்டும் தீர்மானமாகச் சொல்லிவிடுகிறேன். வாட்ச் இல்லாமல் வருவதானால், வாரேன் என்று ஒரு தந்தி கொடு. வாட்சோடு வருவதானால் வராதே. பெற்ற மகனை வராதே என்று எழுத எனக்கு எப்படி இருக்கும் என்று நீயே நினைத்துப் பார். வாடிப்பட்டியில் உன் சித்தப்பா மகன் பாண்டி இருக்கிறான். நல்ல வேட்டி ஒன்றைத் துவைத்து வைத்திருக்கச் சொல்லி அவனிடம் பேசிவிட்டேன். செல்விக்கு இன்னும் தெரியாது. உன் தந்தி வராவிட்டால் அவன்தான் சீர்த்தட்டைத் தூக்கி முன்னால் நடப்பான், மலர் கழுத்தில் மாலை போடுவான். முறைக்கு அவனும் மாமன்தான், சபையில் ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். "மாமா" என்று கூப்பிட்டு மலர் அவன் காலில் விழுந்து எழுந்திருப்பாள். அப்போது செல்வி தலையைத் திருப்பி என்னைத் தேடுவாள். நான் பந்தியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவேன்.

அம்மா